நம்பர் இல்லாத பற்றரி பைக்கும் புல்லுக்கட்டோடு வந்த பெரியவரும்

கடந்த இரண்டு மாதத்துக்குள் ஐந்தாறு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "அண்ணை, இந்தப் பற்றரி பைக்குக்கு நம்பர், லைசன் எல்லாம் வேணுமோ?" என்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்றால், எங்கள் பக்கத்தில் இந்த விஷயத்துக்காக நீதிமன்றப் படி ஏறியவன் நான், அது ஊருக்கே தெரியும். ஒவ்வொருவரையும் மறித்து வைத்துச் சொல்வதைவிட முழுவதையும் ஒரே மூச்சில் எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். பதிலை முதலே சொல்லிவிடுகிறேன்: வேணும். நம்பர் வேணும், லைசன் வேணும், இன்சூரன்ஸ் வேணும், வரிப்பத்திரம் வேணும், தலையில் ஹெல்மெட்டும் வேணும். ஏன் என்பதற்குத்தான் மிச்சக் கதை.

நான் தண்ணி மோட்டாரும் இறைக்கிற மெஷினும் திருத்துகிறவன். வீடு இலங்கையின் வன்னியில், விசுவமடுப் பக்கம். வேலைக்கு ஒரு நாள் தர்மபுரம், மறுநாள் உடையார்கட்டு, சில நாள் புதுக்குடியிருப்புவரை போகவேண்டி வரும். சாவிக்கட்டும் பெயாரிங்கும் வைன்டிங் கம்பியும் பைக்கில் கட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு 40 கிலோமீற்றர் ஓடுவது எனக்குச் சாதாரணம். 2022 ஆம் ஆண்டு ஆனியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது நினைவிருக்கும். விலை ஒரு பக்கம், சாமானே இல்லை என்பது மற்றப் பக்கம். பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டி எண்ணெய் அடிக்கிற முறை வந்து மோட்டார்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று அளந்து தந்தார்கள். அந்த 4 லீற்றர் எனக்கு நாலு நாளுக்குக்கூடப் போதாது, தோட்டத்துக்காரருக்கோ பயிர் வாடினால் நான் வரும்வரை பொறுக்க முடியாது.

எரிபொருள் இல்லாமல் வண்டி ஓட்டுவது வன்னிக்குப் புதிது இல்லை. தொண்ணூறுகளில், போரால் எரிபொருளுக்குத் தடை இருந்த காலத்தில் எங்கள் அப்பா, சூப்பிப் போத்தலில் வைத்திருந்த நாலு துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றித்தான் தன் மோட்டார்சைக்கிளை ஓட்டினார். புகை ஒரு ஊர் தூரத்துக்கு வரும். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, சுவரில் செருகினால் ஓடுகிற வண்டி என்றதும் ஒரு பெரிய விடுதலைபோலத் தெரிந்தது. அதனால் அந்த ஆண்டு ஐப்பசியில் ஒரு கடைக்குப் போனேன். எந்தக் கடை, எந்த நகரம் என்பதை விடுவோம்.

கடைக்காரர் சொன்னது இன்றைக்கும் அப்படியே காதில் நிற்கிறது. "அண்ணை, இதுக்கு நம்பரும் வேண்டாம், லைசனும் வேண்டாம். இதிலை பெடல் இருக்குப் பாருங்கோ, சட்டத்திலை இது சைக்கிள். வெளிநாட்டிலையும் அப்பிடித்தான்." பெடல் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பெடலை மிதித்து அந்த வண்டியை நூறு மீற்றர் கொண்டுபோக எந்த மனிதனாலும் முடியாது, அவ்வளவு பாரம். கைப்பிடியை முறுக்கினால் போகும், அதுதான் அதன் ஓட்டம். வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து பின் சில்லைத் துடைக்கும்போது அச்சுக்குப் பக்கத்தில் அடித்திருந்த எழுத்தைப் பார்த்தேன்: 72 வோல்ட், 1500 வாட்.

மோட்டாரோடு பிழைக்கிறவன் என்றதால் அந்த எண் எனக்கு என்ன சொல்கிறது என்று தெரியும். 746 வாட் ஒரு குதிரை வலு. 1500 வாட் என்றால் இரண்டு குதிரை வலு. எங்கள் தோட்டத்துக் கிணறுகளில் இறக்குகிற தண்ணி மோட்டார் அநேகமாக ஒன்று, ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு. அதாவது ஒரு கிணற்றையே இறைக்கக்கூடிய மோட்டாரைப் பின் சில்லுக்குள் வைத்துவிட்டு அதைச் சைக்கிள் என்று சொல்லி எனக்கு விற்றிருக்கிறார்கள். அதுவும் தொடர்ந்து தாங்கக்கூடிய வலு மட்டும்தான் அங்கே அடித்திருந்தது. உள்ளே இருந்த கொன்றோலர், அதாவது மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுகிற பெட்டி, 30 அம்பியர் விடக்கூடியது, 72 ஐ 30 ஆல் பெருக்கினால் 2160 வாட், முறுக்கி எடுக்கும்போது அவ்வளவும் வரும். அந்தக் கணக்கை அன்றைக்கே போட்டேன், ஆனால் கடைக்குத் திரும்பிப் போகவில்லை. பணம் கட்டியாகிவிட்டது, வேலை காத்திருந்தது, மனதுக்கும் பிடித்துவிட்டது.

ஓடின பத்து மாதமும் எவ்வளவு சுகமாக இருந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. 72 வோல்ட், 20 அம்பியர் மணி பற்றரி, அதாவது 1440 வாட் மணி, ஒன்றரை யூனிட்டுக்குள் கரண்ட். இரவில் செருகிவிட்டுப் படுத்தால் விடிய 45 கிலோமீற்றருக்குத் தயார். தோட்டத்து வரம்புவரை சத்தமில்லாமல் போய் நிற்கும். பரந்தன் முல்லைத்தீவு வீதி இப்போது நல்ல தார், காலை நேரம் வெறுமையாகக் கிடக்கும், 60 இல் போவது ஒரு வேலையே இல்லை. நடுவில் ஓரிரு தடவை பொலிஸ் நின்ற இடத்தைக் கடந்தும் போயிருக்கிறேன். மறிக்கவில்லை. மறிக்காததைச் சட்டம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சம்பவம் 2023 ஆவணியில், பின்னேரம் ஐந்தரை இருக்கும். ஒரு தோட்டத்தில் வேலை முடிந்து வருகிறேன். எங்கள் பக்கத்தில் அந்த நேரம் மாடுகள் தாரில் ஏறத் தொடங்கும், சூடு பிடித்த தாரில் படுப்பது அவற்றுக்கு விருப்பம். அதனால் கண் முழுக்க முன்னுக்குத்தான் இருந்தது. இடது பக்கத்தில் ஒரு கிரவல் ஒழுங்கை, வாயில் ஒரு பெரிய பாலை மரம். அதற்குள் இருந்து ஒரு பெரியவர் சைக்கிளில் வந்தார். கரியரில் புல்லுக்கட்டு, அவருடைய தோளைவிட உயரம். தாருக்கு ஏற முன்னர் ஒரு கால் ஊன்றினார், நான் அதைக் கண்டேன். தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காது கொடுத்தார். எங்கள் ஊரில் வயதானவர்கள் வீதி கடக்கிற முறை அதுதான், புல்லுக்கட்டு மறைத்தால் பார்க்க முடியாது, கேட்பார்கள். ஒன்றும் கேட்கவில்லை. மிதித்து ஏறினார்.

60 இல் ஒரு விநாடிக்கு 16 மீற்றருக்கு மேல் போய்விடும். நான் பிறேக்கைப் பிடித்த இடத்துக்கும் அவருடைய முன் சில்லுக்கும் இடையில் இருந்தது அதைவிடக் கொஞ்சம்தான் கூட. கோர்ன் அடித்தேனா என்று இன்றைக்கும் எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடைசி நேரம் வலப்பக்கம் வெட்டினேன், அதனால் நேராக அடிபடவில்லை, ஆனால் என் கைப்பிடி அவருடைய சைக்கிளில் கொளுவி இரண்டு பேரும் விழுந்தோம். புல் முழுக்க வீதியில் பரவிவிட்டது. பச்சைப் புல், ஈரம், எழும்பி அவரிடம் போகக் கால் வைத்தபோது எனக்கே வழுக்கியது. அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே நிற்கக்கூடாத பக்கத்துக்குத் திரும்பி இருந்தது. அவர் கத்தவில்லை. என்னைப் பார்த்து ஒன்றுதான் சொன்னார்: "சத்தம் கேக்கேல்லையே தம்பி."

ஹெல்மெட் போட்டிருந்தேன், அதனால்தான் இதை எழுத உயிரோடு இருக்கிறேன். என் ஹெல்மெட்டின் வலப்பக்கம் ஒரு கை அகலத்துக்குத் தேய்ந்து போயிருந்தது.

ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பொலிஸுக்கும் நானே சொன்னேன். இதை முக்கியமாகச் சொல்கிறேன், ஆளுக்குக் காயம் என்றால் நிற்கவேண்டும், உதவி செய்யவேண்டும், பொலிஸுக்கு அறிவிக்கவேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் அதைக் கடமையாகவே வைத்திருக்கிறது. நம்பர் இல்லாத வண்டி என்ற பயத்தில் அந்த இடத்தை விட்டுப் போனால் சின்ன வழக்குப் பெரிய வழக்காகிவிடும், அதைவிட ஒரு மனிதனை வீதியில் விட்டுவிட்டு வந்த பாவம் ஆயுளுக்கும் நிற்கும்.

வந்த பொலிஸ் சாஜன் பொறுமையான ஆள். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "நம்பர் எங்க?" இல்லை என்றேன். "புத்தகம்?" இல்லை. "இன்சூரன்ஸ்?" இல்லை. "டக்ஸ்?" இல்லை. லைசன் மட்டும் இருந்தது, முன்பு வைத்திருந்த மோட்டார்சைக்கிளுக்காக எடுத்தது. கடைக்காரர் சொன்னதை நான் அவரிடம் சொன்னேன், பற்றரியில் ஓடுவது, பெடல் இருக்கிறது என்று. அவர் சொன்ன பதிலை எல்லாருக்கும் சொல்லிவருகிறேன்: "பெற்றோலோ பற்றரியோ எண்டு சட்டம் கேக்காது ஐயா. மோட்டாரிலை ஓடுதோ, றோட்டிலை ஓடுதோ? அவ்வளவுதான்."

பிறகு தேடிப் படித்தேன், அவர் சொன்னது சரி. எங்கள் நாட்டில் இதற்கெல்லாம் தாய்ச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். பல தடவை திருத்தியிருக்கிறார்கள், 2009 இல் 8 ஆம் இலக்கச் சட்டத்தால் செய்தது பெரிய திருத்தம். அந்தச் சட்டத்தின் பார்வையில் வீதிப் பாவனைக்கான, இயந்திர சக்தியால் ஓடுகிற வாகனம் மோட்டார் வாகனம். எரிப்பது என்ன என்பது வேறு கதை. மோட்டார் வாகனம் என்றான பிறகு மற்றதெல்லாம் சங்கிலிபோல ஒன்றில் ஒன்று தொங்கும்: மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்திருக்கவேண்டும், பதிந்தால்தான் இலக்கத் தகடும் பதிவுப் புத்தகமும், காப்புறுதி இருந்தால்தான் ஒவ்வொரு வருடமும் வரிப்பத்திரம், ஓட்டுகிறவரிடம் மோட்டார்சைக்கிள் வகுப்பு உள்ள சாரதி அனுமதிப்பத்திரம், ஓட்டுகிறவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம். சங்கிலியின் முதல் கண்ணி பதிவு. அது இல்லாவிட்டால் மற்ற எதையும் நீங்கள் விரும்பினாலும் ஒழுங்காக எடுக்க முடியாது. என்னுடைய நிலைமை அதுதான்.

வழக்கு மூன்று தவணை போனது. தண்டப்பணம் கட்டினேன், அதுவல்ல என்னை உடைத்தது. பெரியவருக்கு இரண்டு தடவை காலில் ஒப்பரேஷன் செய்யவேண்டி வந்தது. அவர் கச்சான் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர், நாலு மாதம் வீட்டோடு இருந்தார். போக்குவரத்து, மருந்து, வீட்டுச் செலவு எல்லாவற்றையும் நான்தான் பார்த்தேன், பார்க்கவேண்டியவன் நான்தான். மனைவியின் சங்கிலி ஈட்டுக்குப் போனது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி என்று ஒன்றைச் சட்டம் கட்டாயமாக்கி வைத்திருப்பது இதற்குத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அதற்கு வருடத்துக்குக் கட்டுகிற காசு எங்கள் ஒரு நாள் கூலி அளவு. அது என் வண்டிக்கு ஒன்றும் தராது, ஆனால் நான் இடித்த மனிதனுக்குத் தரும். அதுவரைக்கும் இன்சூரன்ஸ் என்றால் பொலிஸுக்குக் காட்டுகிற ஒரு துண்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என்னிடம் பணம் இல்லாவிட்டால் அந்தப் பெரியவரின் கதி என்ன? அவருடைய மகள் ஒரு நாள் ஆஸ்பத்திரி வாங்கில் இருந்து இதையேதான் கேட்டா. கோபமாகக் கேட்கவில்லை. "அண்ணை, நீங்கள் பார்க்கிறியள். பார்க்காத ஆள் இடிச்சிருந்தால்?"

சரி, கடைக்காரர் "வெளிநாட்டிலையும் அப்பிடித்தான்" என்று சொன்னாரே, அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். என் அக்காவின் மகன் லண்டனில் இருக்கிறான், அவனிடம் கேட்டேன். அங்கே பதிவும் லைசனும் இல்லாமல் ஓடக்கூடிய மின்சாரச் சைக்கிள் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அதற்கு வரம்பு இருக்கிறது: தொடர் வலு 250 வாட்டுக்கு மேல் போகக்கூடாது, மோட்டார் உதவி மணிக்கு 15.5 மைலில், அதாவது 25 கிலோமீற்றரில் நின்றுவிடவேண்டும், மிதித்தே ஓடக்கூடிய பெடல் இருக்கவேண்டும், ஓட்டுகிறவருக்கு 14 வயதாவது ஆகியிருக்கவேண்டும். இந்த வரம்பைத் தாண்டினால் அங்கேயும் அது மோட்டார்சைக்கிள்தான், பதிவு, வரி, காப்புறுதி, லைசன், ஹெல்மெட் எல்லாம் வேணும். காப்புறுதி இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண் தண்டமும் லைசனில் 6 புள்ளியும், வண்டியையும் அந்த இடத்திலேயே பொலிஸ் தூக்கிக்கொண்டு போகலாம். மருமகனோடு சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை செய்த ஒரு பொடியனுக்கு அப்படித்தான் நடந்தது. சாதாரணச் சைக்கிளுக்குப் பெரிய மோட்டார் பூட்டி, மிதிக்காமலே முறுக்கி ஓடியிருக்கிறான். "மாமா, அவனுக்கு அது சைக்கிள் எண்டுதான் தெரியும்" என்றான் மருமகன்.

மற்ற நாடுகளிலும் எண் கொஞ்சம் மாறும், கருத்து ஒன்றுதான். இந்தியாவில் 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீற்றருக்கும் உட்பட்டதற்குத்தான் பதிவு இல்லாத சலுகை, நிறைக்கும் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் 500 வாட், மணிக்கு 32 கிலோமீற்றர், 16 வயது, ஹெல்மெட் கட்டாயம். சுவிஸில் இரண்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். மெதுவானது 500 வாட், 25 கிலோமீற்றர்வரை உதவி. வேகமானது 1000 வாட், 45 கிலோமீற்றர்வரை, அதற்கு மஞ்சள் தகடும் அனுமதிப்பத்திரமும் ஹெல்மெட்டும் வேணும். 2022 சித்திரை 1 முதல் அங்கே எல்லா மின்சாரச் சைக்கிளும் பகலிலும் லைற் எரிய விட்டுத்தான் ஓடவேண்டும். இந்த லைற் விதி எனக்கு மிகவும் சரியென்று பட்டது. சத்தம் இல்லாத வண்டி கண்ணுக்காவது தெரியட்டும் என்று நினைத்து நானும் இப்போது பகலில் எரிய விட்டுத்தான் ஓடுகிறேன்.

ஆகவே கடையில் நடப்பது என்னவென்றால், 250 வாட் சைக்கிளுக்கு வேறு நாட்டில் இருக்கிற சலுகையைச் சொல்லி, 1500 வாட், 2000 வாட் மோட்டார்சைக்கிளை இங்கே விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் யார்? லைசன் எடுக்க நேரமில்லாத கூலித்தொழிலாளி, ரியூசனுக்குப் பிள்ளையை ஏற்றிப் போகிற அம்மா, பதினாறு வயது மகனுக்குப் பள்ளிக்கூடம் போக வாங்கிக் கொடுக்கிற வெளிநாட்டுச் சித்தப்பா. இந்தக் கடைசிதான் எனக்கு நெஞ்சைப் பிடிக்கிறது. 18 வயது ஆகாமல் எங்கள் நாட்டில் மோட்டார்சைக்கிள் லைசன் இல்லை. அந்தப் பிள்ளை யாரையாவது இடித்தால், லைசன் இல்லை என்ற ஒரு காரணத்துக்காகவே காப்புறுதி இருந்தாலும் கைகொடுக்காமல் போகலாம். வாங்கிக் கொடுத்தவர் ரொறொன்ரோவில் இருப்பார், நீதிமன்றத்துக்குப் போவது இங்கே தாய்தான்.

இனி வாங்க இருக்கிறவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் முதலில் பதிவுப் புத்தகம். "பிறகு எடுத்துத் தாறம்", "இப்ப பதிவு நடக்குது, ஓடுங்கோ" என்ற பேச்சுக்கு ஒரு ரூபாயும் கொடுக்கவேண்டாம். நம்பர் வந்து புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் முழுக் காசு. புத்தகத்தில் இருக்கிற செசி இலக்கத்தையும் மோட்டார் இலக்கத்தையும் வண்டியில் அடித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து பாருங்கள். செசி இலக்கம் அநேகமாகக் கைப்பிடித் தண்டின் கீழே இருக்கும், மோட்டார் இலக்கம் பின் சில்லின் நடுவில், சேறு மூடியிருந்தால் துணியைப் போட்டுத் துடையுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. என் வண்டியைப் பிறகாவது பதியலாம் என்று நாயாக அலைந்தேன். சுங்கம் கழித்த பத்திரம் கேட்டார்கள், கடைக்காரரிடம் அது இல்லை, எந்தப் பெயரில் நாட்டுக்குள் வந்தது என்பதற்கே ஒரு தாள் இல்லை. பாகம் பாகமாக வந்து இங்கே பூட்டின வண்டி. அதோடு அந்தக் கதவு மூடிவிட்டது. ஆக, "வாங்கிவிட்டுப் பதிவோம்" என்பது பல நேரம் நடக்காத காரியம்.

பழையது வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. எங்கள் ஆட்களுக்கு ஓப்பின் பேப்பரில் வாங்கி வருடக் கணக்கில் ஓடுகிற பழக்கம் இருக்கிறது. முந்தின சொந்தக்காரர் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிடுவார், பெயர் மாற்றாமல் மூன்று நாலு கை மாறும். பற்றரி பைக்கிலும் இது தொடங்கிவிட்டது. விபத்து ஒன்று நடந்தால் முதலில் தேடிப் போவது புத்தகத்தில் பெயர் இருப்பவரைத்தான், விற்றவருக்கும் தலையிடி, வாங்கினவருக்கும் தலையிடி. வாங்கின கையோடு பெயரை மாற்றுங்கள், விற்கிறவரும் தன் பங்குக்குத் திணைக்களத்துக்கு அறிவிக்கட்டும்.

மின்சார வண்டிக்கு ஒரு இலகு இருக்கிறது: புகைப் பரிசோதனை தேவையில்லை, புகை இல்லையே. வரிப்பத்திரம் எடுக்கக் காப்புறுதிச் சான்றிதழோடு பிரதேச செயலகத்துக்குப் போனால் சரி, இணையத்திலும் எடுக்கலாம். லைசன் இல்லாதவர்கள் மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, பழகுநர் பத்திரம், ட்ரயல் என்று அந்த வரிசையில் போகத்தான் வேணும். நாள் எடுக்கும், அலுப்பாக இருக்கும், ஆனால் அந்த எழுத்துப் பரீட்சைக்குப் படிக்கும்போது வீதிக் குறியீடுகளை ஒருமுறை ஒழுங்காகப் படித்துவிடுவோம் என்பதே பெரிய லாபம். ட்ரயலுக்குப் பழகும்போது முன்னும் பின்னும் எல் பலகை கொளுவ மறக்கவேண்டாம்.

பிறகு இந்த வேகம் கூட்டுகிற வேலை. கொன்றோலரை மாற்றிப் போடுவது, வேகத்தைக் கட்டுப்படுத்துகிற வயரைக் கழற்றுவது, பற்றரியைப் பெரிதாக்குவது. எனக்குத் தொழில் தெரியும் என்பதால் பொடியங்கள் என்னிடம் கொண்டுவருவார்கள், ஒருவருக்கும் செய்து கொடுப்பதில்லை. புத்தகத்தில் ஒன்று, வண்டியில் இன்னொன்று என்று ஆகிவிட்டால் காப்புறுதிக்காரர் அதைப் பிடித்துக்கொள்வார். அதைவிட, அந்த வண்டியின் பிறேக்கும் ரயரும் பழைய வேகத்துக்குச் செய்தவை. 20 இல் வருகிறதைவிட 60 இல் வருகிற வண்டி அடிக்கிற அடி மூன்று மடங்கு என்று நினைப்போம். அது ஒன்பது மடங்கு. நான் அந்த எண்ணைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தது பெரியவரின் காலைப் பார்த்த பிறகு.

வாகனம் குறைந்த வீதி என்று எங்கள் வீதிகளை நம்பவேண்டாம். நகருக்குள் 50, வெளியே 70 என்பது மோட்டார்சைக்கிளுக்கான வேக எல்லை, ஆனால் அது தார் வெறுமையாக இருக்கும்போது. மாடு இருட்டில் தாரின் நிறத்தோடு நிறமாகப் படுத்திருக்கும், பெற்றோல் வண்டியின் சத்தத்துக்காவது தலையைத் தூக்கும், பற்றரி வண்டிக்கு அசையாது. ஒட்டுசுட்டான் பக்கம், மாங்குளத்துக்குப் போகிற வழியில் யானை வேறு. ஒழுங்கை வாய் ஒவ்வொன்றிலும் கோர்ன் அடித்து, 30 க்கு இறங்கித்தான் போகிறேன்.

அந்த 1500 வாட் வண்டி இப்போது கொட்டிலுக்குள் நிற்கிறது. வழக்கு முடிந்து வண்டி கைக்கு வந்தபோது வாங்கக் கேட்டு ஆள் வந்தது, நல்ல விலையும் சொன்னார்கள். கொடுக்கவில்லை, என் கையால் இன்னொருவரின் தலையில் அதைக் கட்டிவிட எனக்கு மனமில்லை. பற்றரியை எடுத்து, நான் மோட்டார் திருத்துகிற கடையில் லைற்றுக்குப் பூட்டியிருக்கிறேன். வேலைக்கு இப்போது ஓடுவது பதிந்த மின்சார மோட்டார்சைக்கிள், நம்பரோடு, காப்புறுதியோடு. பழையதைவிட விலை கூட. சங்கிலியை இன்னும் மீட்கவில்லை.

போன கிழமை ஒரு அக்கா என் கடைக்கு வந்தா, தண்ணி மோட்டாருக்கு அல்ல. மகளுக்கு ஒரு பற்றரி பைக் பார்த்திருக்கிறாவாம், முற்பணமும் கொடுத்துவிட்டாவாம், "நம்பர் தேவையில்லையாம் தம்பி, உண்மைதானோ?" என்று கேட்டா. நான் ஒன்றும் விளக்கவில்லை, அவவோடு ஓட்டோவில் ஏறிப் போனேன். கடை வாசலில் வண்டியைச் சாய்த்து, பின் சில்லைத் துடைத்து, எண்ணை அவவுக்குக் காட்டினேன். 2000 வாட். "அக்கா, உங்கட கிணத்திலை இருக்கிற மோட்டார் எத்தினை?" என்று கேட்டேன். "ஒண்டு" என்றா. இது இரண்டரைக்கு மேல் என்றேன். பிறகு கடைப் பொடியனிடம் பதிவுப் புத்தகம் கேட்டோம், சுங்கப் பத்திரம் கேட்டோம், இரண்டும் இல்லை. அரை மணித்தியாலம் கதைத்து முற்பணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தா. நேற்று அந்த வழியால் போனேன், அந்த வண்டி அதே வாசலில்தான் நின்றது.